தரம் 5 முடிவுப் பட்டியல்: காசு சேர்க்க முன் பார்க்க வேண்டியவை

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

இலங்கையில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வந்த கையோடு, ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வெளிநாட்டிலிருந்து உதவும் எங்களிடம் வழக்கமான இரண்டு கேள்விகளும் வந்துவிட்டன. "இந்த முறை எத்தனை பேர் பாஸ்?" "போன முறையை விடக் குறைஞ்சு போச்சே, ரியூஷனுக்குக் காசு அனுப்புவமா?" முதல் கேள்விக்கான பதிலை வைத்து இரண்டாவது கேள்வியைத் தீர்மானிக்க முடியாது. அதைத்தான் இங்கே விளக்கமாக எழுதுகிறோம்.

கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த 1940களில், கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து மத்திய கல்லூரிகளில் படிக்க வைத்த திட்டத்தின் வழி வந்தது இந்தப் பரீட்சை. அன்றும் இன்றும் அது பிள்ளைகளைத் தெரிவு செய்யும் பரீட்சைதான், பள்ளிக்கூடத்துக்குப் புள்ளி போடும் பரீட்சை அல்ல. இப்போது அதற்கு இரண்டு வேலை. ஒன்று, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு மாத உதவிப்பணம் (750 ரூபாவாக இருந்ததை 1500 ஆக்குவதாக 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள்). மற்றது, பெயர்பெற்ற பாடசாலைகளில் தரம் 6 அனுமதி. இரண்டுக்கும் வெட்டுப்புள்ளி (தெரிவாக எடுக்க வேண்டிய ஆகக் குறைந்த புள்ளி) வேறு வேறு. உதவிப்பண வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் மாறும். ஊரில் "பாஸ்" என்று சொல்வது இந்த வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்களைத்தான். ஆனால் 200 புள்ளிக்கு 70 எடுத்த பிள்ளையையும் பரீட்சைத் திணைக்களம் ஒரு கணக்கில் சேர்க்கிறது. 70க்கு மேல் எடுத்தவர்களின் வீதமும் வெளிவரும். ஆகவே "எங்கள் பள்ளிக்கூடம் 80 வீதம் சித்தி" என்று ஒரு பதாகையைக் கண்டால், எந்தக் கோட்டுக்கு மேலே என்று முதலில் கேளுங்கள். அனேகமாக அது 70ஆக இருக்கும்.

அடுத்தது, சின்ன வகுப்பின் கணக்கு. தரம் 5இல் 12 பிள்ளைகள் என்றால் ஒரு பிள்ளை 8.3 வீதம். போன வருடம் மூவர் தாண்டினார்கள், இந்த வருடம் ஒருவர் என்றால், 25 வீதத்திலிருந்து 8 வீதத்துக்கு விழுந்துவிட்டது என்று தலைப்புப் போடலாம். நடந்தது என்னவென்றால், இரண்டு பிள்ளைகள் இரண்டு மூன்று புள்ளியால் கோட்டுக்குக் கீழே நின்றார்கள். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்த வீதம் மாறும். மூன்று வருடப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது சொல்லலாம், அதுகூட அவதானமாக.

மூன்று வருடத்தைச் சேர்க்கும்போது புள்ளிகளை அப்படியே ஒப்பிடக் கூடாது. தாள் ஒரு வருடம் கடினம், இன்னொரு வருடம் இலகு. அதனால்தான் வெட்டுப்புள்ளியே ஏறி இறங்குகிறது. பரீட்சை நடந்த காலமும் ஒரே மாதிரி இல்லை. 2019இல் ஓகஸ்ட், 2020இல் ஒக்டோபர். 2021ஆம் ஆண்டுப் பரீட்சை 2022 சனவரியில் நடந்தது. 2022ஆம் ஆண்டினது டிசெம்பர் 18, 2023இல் ஒக்டோபர் 15, 2024இல் செப்டெம்பர் 15, 2025இல் ஓகஸ்ட் 10. ஒரு தொகுதிப் பிள்ளைகளுக்குப் படிக்கக் கூடுதல் காலம் கிடைத்திருக்கலாம், இன்னொரு தொகுதி கொரோனாக் காலத்தில் வகுப்பே காணாமல் இருந்திருக்கிறது. 2024இல் முதலாம் தாளின் மூன்று வினாக்கள் முன்னரே வெளியாகி, விடயம் உயர் நீதிமன்றம் வரை போய், முடிவு 2025 சனவரியில்தான் வந்தது. ஆகவே ஒவ்வொரு பிள்ளையும் அந்தந்த வருடத்து வெட்டுப்புள்ளிக்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று எழுதி ஒப்பிடுங்கள். அதே வருடத்தில் எங்கள் கல்வி வலயத்தில் 70க்கு மேல் எடுத்தவர்களின் வீதத்தையும் பக்கத்தில் வையுங்கள்.

அதிபரிடம் கேட்க வேண்டியது ஒரு பக்கத்துக்குள் அடங்கும். தரம் 5 இடாப்பில் எத்தனை பெயர், அதில் பரீட்சைக்கு இருந்தவர்கள் எத்தனை, வெட்டுப்புள்ளிக்கு மேலே எத்தனை, 100க்கு மேலே எத்தனை, 70க்கும் 100க்கும் இடையில் எத்தனை, 70க்குக் கீழே எத்தனை. பிள்ளைகளின் பெயர் வேண்டாம், கேட்கவும் கூடாது. இதில் முதல் இரண்டும்தான் முக்கியம். இந்தப் பரீட்சை கட்டாயம் அல்ல. மெல்லக் கற்கும் நாலு பிள்ளைகளை "உனக்கு வேண்டாம் ராசா" என்று நிறுத்திவிட்டால், ஒருவருக்கும் ஒன்றும் படிப்பிக்காமலே சித்தி வீதம் ஏறிவிடும். கடைசி எண்ணிக்கை அதற்கு அடுத்தது. 70க்குக் கீழே நிற்கும் பிள்ளைகள்தான் எங்கள் காசு உண்மையில் போக வேண்டிய இடம். பாஸ் கணக்கில் அவர்கள் இருப்பதே தெரியாது.

இன்னொரு விடயத்தை வெளிப்படையாகச் சொல்லத்தான் வேண்டும். வசதியுள்ள பெற்றோர் தரம் 1இலேயே பிள்ளையை ரவுண் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். மிச்சம் நிற்கும் பிள்ளைகளின் முடிவை ரவுண் முடிவோடு வைத்துப் பார்த்து "ரீச்சர்மார் சரியில்லை" என்பது நியாயம் இல்லை. தரம் 3ஐயும் 4ஐயும் ஒரே அறையில் ஒரே ஆசிரியர் பார்க்கும் பள்ளிக்கூடங்களும் இருக்கின்றன. ஆரம்பக் கல்விப் பயிற்சி பெற்ற ஆசிரியர் எத்தனை பேர், வருட நடுவில் இடமாற்றம் நடந்ததா, தரம் 5 பிள்ளைகளின் வரவு எப்படி என்ற மூன்றையும் விசாரியுங்கள். கிழமைக்கு ஒரு நாள் வராத பிள்ளை பாடத்தில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது. அதை எந்த ரியூஷனும் ஈடு செய்யாது.

இனித் தாள்களுக்கு வருவோம். முதலாம் தாள் 40 பல்தேர்வு வினாக்கள், ஒரு மணித்தியாலம். கோலங்கள், எண் தொடர்கள், தர்க்கம் என்று நுண்ணறிவு சார்ந்தது. ஒவ்வொரு வினாவுக்கும் மூன்று விடைகள். அப்படியென்றால் ஒன்றையும் வாசிக்காமல் குருட்டுவாக்கில் கோடிட்டாலே 13 அளவில் சரி வரும். பயிற்சித் தாளில் 14, 15 சரியாக எடுக்கும் பிள்ளையைப் பார்த்து "கொஞ்சம் தெரியுது" என்று நினைக்காதீர்கள். வினாவை வாசிக்காமலே அவ்வளவு வரலாம். இரண்டாம் தாள் ஒன்றேகால் மணித்தியாலம். தாய்மொழி, கணிதம், சுற்றாடல், ஆங்கிலம், சிங்களம் எல்லாம் அதில் வரும். அண்மைய ஆண்டுகளில் இரண்டாம் தாள்தான் முதலில், காலை 9.30 முதல் 10.45 வரை. அரை மணி இடைவேளைக்குப் பிறகு 11.15க்கு முதலாம் தாள். பயிற்சி வகுப்புகள் பல இன்னமும் முதலாம் தாளை முதலில் வைக்கின்றன. களைத்த மூளையோடு கோலங்களைப் பார்க்கும் பழக்கம் அங்கே வராது. செலவில்லாமல் திருத்தக்கூடிய பிழை இது.

பரீட்சை விடைத்தாள் திரும்பி வராது. பிள்ளை எங்கே பிழைவிட்டது என்று அறியப் பயிற்சித் தாள்தான் ஒரே வழி. அங்கேதான் எங்கள் காசு வீணாகிறது. சனி ஞாயிறில் இரண்டு மாதிரி வினாத்தாள், பொத்தம் பொதுவாக விடை வாசிப்பு, புள்ளியைச் சிவப்பில் எழுதி வீட்டுக்கு அனுப்புவது. தாள் எழுத இரண்டேகால் மணித்தியாலம் எடுத்தால், திருத்தி விளங்கப்படுத்தவும் குறைந்தது அவ்வளவு நேரம் வேண்டும். மாதத்துக்கு எட்டுத் தாளை விட இரண்டு தாள் போதும்.

பிழைகளை நாலாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: வினாவைப் பிழையாக வாசித்தது, பாடம் தெரியாதது, தெரிந்தும் செய்கையில் பிழைத்தது, நேரம் போதாதது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. "7.45க்குப் புறப்பட்ட பஸ் 35 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது, எத்தனை மணிக்கு?" என்ற வினாவுக்கு 7.80 என்று எழுதும் பிள்ளைக்குக் கூட்டல் நன்றாகத் தெரியும், 60 நிமிடத்தில் மணி புரள்வதுதான் பதியவில்லை. இன்னும் நூறு கூட்டல் கொடுத்துப் பயனில்லை. முள் உள்ள மணிக்கூட்டை வைத்து, எட்டு மணிக்கு 15 நிமிடம், மிச்சம் 20, ஆகவே 8.20 என்று நாலு நாள் செய்வித்தால் தீர்ந்தது. "பொருந்தாதது எது?" என்ற வினாவில் பொருந்துவதற்குக் கோடிடும் பிள்ளையின் சிக்கல் வேறு. எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளை சொல்லின் முன்பாதியைப் பார்த்துவிட்டு மிச்சத்தை ஊகிக்கிறது. எங்கள் மொழியில் இல்லை என்ற பொருள் சொல்லின் கடைசியில்தானே ஒட்டிக்கிடக்கிறது. முதலாம் தாளில் "நுண்ணறிவு போதாது" என்று சொல்லப்படும் பிள்ளைகளில் பலருக்கு உண்மையில் போதாதது வாசிப்பு வேகம்தான்.

அதனால் எங்கள் யோசனை இது. காசைத் தரம் 5இல் கொட்டாமல் தரம் 2, 3இல் போடுவோம். தரம் 5 சனவரியில் தொடங்கினால் பரீட்சைக்கு ஏழெட்டு மாதம்தான் இருக்கும். அதற்குள் வாசிக்கத் தெரியாத பிள்ளையை வாசிக்க வைத்து, பாடத்தையும் முடிக்க எவராலும் ஏலாது. தரம் 3இல் முதல் தவணைத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக இருத்தி, பிள்ளை முன்பு காணாத, தரம் 2 அளவிலான ஒரு பந்தியை ஒரு நிமிடம் உரத்து வாசிக்க விடுங்கள். சரியாக வாசித்த சொற்களை எண்ணி, பிறகு பந்தியிலிருந்து நாலு கேள்வி. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். இணையத்தில் கிடைக்கும் ஆங்கில "நிமிடத்துக்கு இத்தனை சொல்" அட்டவணைகளைப் பிடித்துக்கொண்டு வராதீர்கள், தமிழ்ச் சொல் நீளம். அதே பிள்ளையின் தவணைக்குத் தவணை முன்னேற்றம்தான் அளவு. இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் நடத்தும், பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும் அசர் (ASER) கணிப்பின் தமிழ்க் கருவியும் இதே மாதிரித்தான்: எழுத்து, சொல், பந்தி, கதை என்று நாலு படி. அதை எடுத்து எங்கள் பாடநூல் வழக்குக்கு மாற்றலாம். பிறகு பிள்ளைகளை வகுப்பு வாரியாக அல்லாமல் படி வாரியாகப் பிரித்து, பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம், கிழமைக்கு நாலு நாள் வாசிப்பு.

பரிசளிப்பு பற்றியும் ஒரு சொல். வெட்டுப்புள்ளியைத் தாண்டியவருக்குச் சைக்கிள், இரண்டு புள்ளியால் தவறியவருக்குக் கைதட்டல் என்பது பத்து வயதுப் பிள்ளைக்குச் செய்கிற அநியாயம். கொடுப்பதென்றால் பரீட்சைக்கு இருந்த எல்லோருக்கும் ஒரே பொருள் கொடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். சந்தியில் படம் போட்ட பதாகைக்கு எங்கள் கணக்கிலிருந்து ஒரு சதமும் வேண்டாம்.

காசு போகும் வழி: தனியார் ஒருவரின் கணக்குக்கு அனுப்ப வேண்டாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்குக்கு, எதற்காக என்று எழுதி அனுப்பி, பற்றுச்சீட்டு வாங்குங்கள். வெளியிலிருந்து வாசிப்பு உதவியாளர் வைப்பதென்றால் அதிபர் ஊடாக வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியை முதலே எடுக்க வேண்டும். ஆரம்பக் கல்வி ஆசிரிய ஆலோசகரையும் கூப்பிட்டுக் கதைத்தால் நல்லது, பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் என்ன நடக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். உதவியாளருக்கு மாதாமாதம் கொடுப்பதென்று முடிவெடுத்தால் இரண்டு வருடக் காசு கையில் இருக்க வேண்டும். ஆறு மாதத்தில் நின்றுபோனால் பிள்ளைகள் பாதி வழியில் நிற்பார்கள்.

மேலே சொன்ன ஒரு பக்க விபரத்தைக் கேட்டு அதிபருக்குப் போகும் கடிதத்தின் வரைவு தயார். கடந்த மூன்று ஆண்டுகளுக்கும் கேட்கிறோம். ரொறன்ரோ, இலண்டன், பரிஸ் கிளைகள் திருத்தம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், அதன் பிறகு அனுப்பிவிடுவோம்.

கல்வி உபகுழு