ஷோம்பெர்க் பற்றி: போர்த்துக்கீசியம் படிக்கத் தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. ஃப்ரீட்ரிக் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியத் தளபதியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1615-இல் ஹைடெல்பெர்க்கில் பிறந்தவர், அம்மா ஆங்கிலேயர். டச்சு, பிரான்ஸ், போர்த்துகல், பிராண்டன்பர்க், கடைசியில் இங்கிலாந்து என்று கொடி மாறிக்கொண்டே இருந்தார். அதற்காகக் கூலிப்படைக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. 1675-இல் பிரான்சின் மார்ஷல் ஆனவர். 1685-இல் பதினான்காம் லூயி புராட்டஸ்டண்டுகளின் உரிமைகளை ரத்து செய்ததும், மதம் மாற மறுத்து நாட்டை விட்டே கிளம்பிவிட்டார்.

எனக்கு உதவி வேண்டியது போர்த்துகல் காலத்துக்கு. ஸ்பெயினிடமிருந்து விடுதலைக்குப் போராடிக்கொண்டிருந்த போர்த்துகலுக்கு உதவ மாட்டோம் என்று 1659-இல் பிரான்ஸ் ஸ்பெயினிடம் ஒப்பந்தம் போடுகிறது. அடுத்த வருடமே பிரெஞ்சுப் படையின் இந்த ஆள் லிஸ்பனில்! வாக்கைக் காப்பாற்றிய அழகு அப்படி. 1665-இல் மொந்தெஸ் கிளாரோஸ் என்ற இடத்தில் போர்த்துகல் படையிடம் ஸ்பெயின் படை தோற்றது. 1668-இல் போர்த்துகலின் சுதந்திரத்தை ஸ்பெயின் ஏற்றுக்கொண்டது. மொந்தெஸ் கிளாரோஸ் போர்க்களத்தின் நல்ல வரைபடமோ, ஷோம்பெர்க்கின் படைச் சீர்திருத்தங்கள் பற்றிய போர்த்துக்கீசியக் கட்டுரையோ கண்ணில் பட்டிருந்தால் சொல்லுங்கள். இரண்டு மூன்று பக்கம் படித்துச் சாரம் சொன்னாலே போதும்.

அப்புறம், டப்ளினில் யாராவது இருக்கிறீர்களா? 1690-இல் பாய்ன் ஆற்றுப் போரில் இறந்தவரை அங்குள்ள செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தில்தான் புதைத்தார்கள். குடும்பத்தார் நினைவுச்சின்னம் வைக்காததால், தேவாலயத் தலைவராக இருந்த எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் கடுப்பாகி 1731-இல் தானே ஒரு கல்வெட்டு வைத்தார். அதில் அவர்களையும் ஒரு குத்து குத்தியிருக்கிறார். எழுத்து தெளிவாகத் தெரியும்படி அதன் படம் ஒன்று வேண்டும். பெயர் போட்டு நன்றி சொல்லிவிடுகிறேன்.