இறுதிப் போரின் உயிரிழப்பு எண்களைச் செய்தியில் எப்படி எழுதுவது?

கேள்வி (உதவி ஆசிரியர்):
மே மாத நினைவுநாள் சிறப்புப் பக்கத்தில், 2009 இலங்கை இறுதிப் போரில் 40,000 பொதுமக்கள் கொல்லப்பட்டதாக ஒரு கட்டுரையும், 146,679 பேர் கொல்லப்பட்டதாக இன்னொரு கட்டுரையும் எங்கள் பத்திரிகையில் வெளியாகிவிட்டன. எது சரி என்று கேட்டு வாசகர் ஒருவர் கடிதம் எழுதியுள்ளார். இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது என்று பதில் எழுதினால் போதுமா?

பதில் 1 (ஓய்வுபெற்ற செய்தியாசிரியர்):
போதாது. அந்த எண்கள் எப்படிப் பிறந்தன என்பதையும் வாசகருக்குச் சொல்ல வேண்டும்.

2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், போரைப் பற்றி விசாரிக்க இலங்கை அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்தது ஒரு கழித்தல் கணக்கு. 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இருந்தோர், கச்சேரி (மாவட்ட அரச செயலகம்) பதிவுகளின்படி 429,059 பேர். 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380 பேர். எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்பதே ஆயர் கேட்ட கேள்வி. அத்தனை பேரும் இறந்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. அவருடைய கேள்வியை நாம் விடையாக மாற்றிவிட்டோம்.

40,000 என்பது அன்றைய ஐ.நா. செயலாளர் நாயகம் பான் கீ மூன் நியமித்த நிபுணர் குழுவின் 2011 அறிக்கையில் வருவது. அங்கும் ‘40,000 வரையான உயிரிழப்பை மறுப்பதற்கில்லை’ என்ற பொருளிலேயே வாசகம் அமைந்துள்ளது. நான் பணியாற்றிய பத்திரிகை ஒன்றில், தலைப்பு இரண்டு பத்திக்குள் அடங்கவில்லை என்பதற்காக ‘வரை’ என்ற சொல்லை நானே வெட்டினேன். இரண்டெழுத்துச் சொல்தான், ஆனால் அறிக்கையின் எச்சரிக்கை முழுவதும் அதற்குள்தான் இருந்தது. அந்தத் தவறு இன்றும் என் மனதை உறுத்துகிறது.

பதில் 2 (புள்ளிவிவரத் துறை மாணவர்):
கழித்தல் கணக்கில் இரண்டு எண்களின் பிழையும் விடையில் வந்து சேரும். கச்சேரிப் பதிவு 5 சதவீதம் கூடுதலாக இருந்திருந்தால், விடையில் 20,000 பேருக்கு மேல் குறைந்துவிடும். எண்ணிப் பெற்ற கணக்குகளுக்கோ நேரெதிரான குறை உண்டு. 2008 ஓகஸ்ட் முதல் 2009 மே 13 வரை 7,721 பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா.வின் களப் பதிவு கூறியது. உறுதிப்படுத்த முடிந்த மரணங்கள் மட்டுமே அதில் சேர்ந்தன. மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படாமல், விழுந்த இடத்திலேயே புதைக்கப்பட்டவர்கள் பலர். ஆகவே அதனை மொத்த உயிரிழப்பு என்று எழுதுவதும் தவறே.

பதில் 3 (வாசகர், வவுனியா):
இப்படி ஒவ்வொரு எண்ணையும் பிரித்துப் பார்ப்பது எங்கள் இழப்பைக் குறைத்துக் காட்ட நினைப்பவர்களுக்குத்தானே உதவும்?

பதில் 4 (ஓய்வுபெற்ற செய்தியாசிரியர்):
உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது, அம்மா. ஆனால், நாம் 146,679 பேரும் இறந்துவிட்டார்கள் என்று எழுதினால், அவர்களில் ஒருவர் உயிருடன் இருப்பதைக் காட்டியே முழுச் செய்தியையும் பொய் என்று தள்ளிவிட முடியும். அவர்களைப் பற்றி இன்னும் கணக்குச் சொல்லப்படவில்லை என்று எழுதினால், கணக்குச் சொல்லும் கடமை அரசிடமே இருக்கும். உறவுகளைத் தேடி வீதியோரம் அமர்ந்திருக்கும் தாய்மார் கேட்பதும் அதைத்தானே?

கேள்வி கேட்டவர்:
நன்றி, ஐயா. நாளைய திருத்தத்தை இப்படி எழுதியிருக்கிறேன்: “பொதுமக்கள் உயிரிழப்பு 40,000 வரை இருக்கலாம் என்பது ஐ.நா. நிபுணர் குழுவின் மதிப்பீடு. 146,679 என்பது, மன்னார் ஆயர் சமர்ப்பித்த கணக்கின்படி, என்ன ஆனார்கள் என்று தெரியாதவர்களின் எண்ணிக்கை. அதனைக் கொல்லப்பட்டோர் தொகையாக வெளியிட்டது எமது தவறு.” கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் இதனை வெளியிடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.