லயத்து வீட்டுக் குடும்பம்: பாப்பாவின் மதியக் கச்சேரி

*வியாழன்*

அண்ணி (8.12): சனிக்கிழமை மதியம் 12.30, தோட்டத்துப் பழைய மண்டபத்தில் நம்ம பாப்பா வயலின் வாசிக்கிறாள். தனியாக, பக்கவாத்தியம் இல்லாமல். முக்கால் மணி நேரம். டிக்கெட் கிடையாது, எல்லாரும் வாங்க.

கடை மாமா (8.13): சாப்பாடு உண்டா?

அண்ணி (8.13): நாசி லெமாக் பொட்டலம். கச்சேரி முடிந்த பிறகுதான்.

கிள்ளான் சித்தி (8.20): சாமி பாட்டா?

பாப்பா (8.24): பரோக் இசை சித்தி, முந்நூறு வருஷத்துக்கும் முந்தைய ஐரோப்பிய இசை. பாக் 1720-ல் எழுதி வைத்த தனி வயலின் தொகுப்பிலிருந்து ஒன்று. அதற்கும் முன்னால் பீபர் என்பவர் எழுதிய பசகாலியா ஒன்று, அதாவது அடியில் ஒரே சுர வரிசை திரும்பத் திரும்ப வரும் உருப்படி. அந்தக் காலத்து முறையிலேயே வாசிப்பேன். முகவாய்க் கட்டை கிடையாது, வில் குட்டை, தந்தி ஆட்டுக் குடல்.

பெரியம்மா (8.26): ஆட்டுக் குடலா! அங்கேதானே திருவிழாவுக்கு அன்னதானம் போடுகிறோம்?

தாத்தா (8.31): கோயிலில் அடிக்கிற தவிலுக்கு என்ன கட்டியிருக்கிறது? தோல்தானே.

பெரியம்மா (8.32): சரி சரி 🙏

தாத்தா (8.40): வயலினே அவர்களிடமிருந்து வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி மெட்ராஸில் ஒரு வெள்ளைக்காரரிடம் கற்றுக்கொண்டார். நாம் அதைத் தரையில் உட்கார வைத்தோம், அவ்வளவுதான்.

*சனி*

அண்ணி (12.05): காற்றாடியை நிறுத்திவிட்டோம். குடல் தந்திக்குச் சத்தம் மெல்லிசு, காற்றாடி அதை விழுங்கிவிடுகிறது. கைவிசிறி இருந்தால் கொண்டு வாங்க.

பாப்பா (12.17): புழுக்கத்தில் தந்தி நிற்கவே மாட்டேன் என்கிறது. மூன்று தடவை சுருதி சேர்த்தாயிற்று. 😩

பெரியம்மா (2.36): கண்ணை மூடினால் ரெண்டு பேர் மாறி மாறிப் பேசுகிற மாதிரி இருந்தது. திரைக்குப் பின்னால் இன்னொருத்தர் இருக்கிறாரோ என்று எட்டிக்கூடப் பார்த்தேன்.

பாப்பா (2.38): சில இடத்தில் ரெண்டு தந்தியைச் சேர்த்து இழுப்பேன் பெரியம்மா. மற்ற இடத்தில் கீழே ஒரு சுரம், மேலே ஒரு சுரம் என்று தாவினால் போதும். உங்கள் காதே ரெண்டாகப் பிரித்துக்கொள்ளும்.

கிள்ளான் சித்தி (2.41): வீடியோ போடுங்கப்பா.

தம்பி (2.42): எடுத்தேன் சித்தி. பாதி விசிறிச் சத்தம், மீதி கடை மாமா முதுகு.

தாத்தா (2.55): சுருதி அரைக் கட்டை குறைவு. ஆனாலும் இதமாக இருந்தது. அந்த பீபர் உருப்படியில் ச நி த ப, ச நி த ப என்று நாலே சுரம் இறங்கிக்கொண்டே இருந்ததே. மேலே என்னென்னவோ நடக்கிறது, கீழே அது பாட்டுக்குப் போகிறது. நடபைரவி ராகத்தின் சாயல்.

பாப்பா (2.56): அதேதான் தாத்தா!! 65 தடவை வரும்.

தாத்தா (2.58): விரல் விட்டு எண்ணினேன். எனக்கு 63தான் வந்தது.

பாப்பா (2.58): நடுவில் ஒரு போன் அடித்ததே.

கடை மாமா (3.04): முட்டைக்காரன் லா. உடனே அணைத்துவிட்டேன்.

தாத்தா (3.05): அதற்குள் ரெண்டு சுற்று போய்விட்டது. பாப்பா, சாயங்காலம் வயலினை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா.