பால் வர்ட் பேனா: பழுப்பைத் தேய்த்து எடுக்கலாமா?

மைக்கறை:
பழைய மைப்பேனாக்களில் எல்லாரும் வாட்டர்மேன், பார்க்கர் என்று சேர்க்கிறார்கள். எனக்கு என்னவோ பால் இ. வர்ட் என்ற அமெரிக்கர் போட்ட பேனாக்கள் மேல் ஆசை வந்துவிட்டது. இப்போதுதான் முதல் பேனா கைக்கு வந்திருக்கிறது. மூடிக்குள் இருந்த இடம் மட்டும் நல்ல கறுப்பு, மற்றதெல்லாம் பழுப்பு. பேரலில், அதாவது உடம்பில், ‘ப்ளூம்ஸ்பர்க்’ என்ற எழுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது. நிப்புக்கு மை கொண்டுவரும் நாக்கட்டை, அடியில் இல்லாமல் நிப்புக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. யாராவது தலைகீழாகச் செருகிவிட்டார்களா? ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, பாலிஷ் போட்டுக் கறுப்பாக்கலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

கடைசிச்சொட்டு:
தம்பி, அதைக் கழற்றித் திருப்பி வைத்துவிடாதே! பழைய வர்ட் பேனாக்களில் நாக்கட்டை மேலேதான் இருக்கும். உன் கையில் இருப்பதில் விசேஷமே அதுதான்.

எபோனைட்தாத்தா:
ஊறப்போடுகிற எண்ணத்தை முதலில் விடுங்கள். உங்கள் பேனா எபோனைட். அது ரப்பரில் கந்தகத்தை நிறையச் சேர்த்து வேகவைத்துக் கெட்டியாக்கியது. வெளிச்சமும் காற்றும் பட்டுப்பட்டு மேல்தோல் கெட்டிருக்கும். அதைத் தண்ணீரில் போட்டால், கறுப்பாக மிஞ்சியிருக்கும் இடமும் காலையில் பழுப்பாகிவிடலாம். வெந்நீர் இன்னும் மோசம். ஸ்பிரிட், அமோனியா கிட்டேயே போக வேண்டாம்.

தேய்த்தால் கறுப்பு வரும், மறுக்கவில்லை. பழுப்பு மேலோடு நிற்கிறது, அடியில் கறுப்புதான். ஆனால் பேரலில் பொறித்த அந்த எழுத்து முத்திரையும் அந்த மேல்தோலில்தானே இருக்கிறது? சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அதுவும் போய்விட்டால் இது வர்ட் என்று எதை வைத்துச் சொல்வது? அந்தக் காலத்தில் இதே மாதிரி கறுப்புக் குழாய் செய்தவர்கள் ஏராளம். பளபளவென்று முத்திரை இல்லாத பேனாவைவிட, பழுப்பேறி எழுத்து தெரியும் பேனாவைத்தான் நான் எடுப்பேன். கறுப்புச் சாயம் பூசி விற்பவர்களைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்தக்கொதிப்பு வரும், விடுங்கள்.

வர்ட் பென்சில்வேனியாவில் ப்ளூம்ஸ்பர்க் ஊர் வக்கீல். வாட்டர்மேனின் காப்புரிமை 1884. இவருடையது அடுத்த வருஷமே, 1885. மார்க் ட்வைன் வர்ட் பேனாவைப் புகழ்ந்து விளம்பரத்தில் வந்தார். பிறகு காங்க்லின் என்ற இன்னொரு பேனா கம்பெனிக்கும் அதே மாதிரி சான்று கொடுத்தார், அது வேறு கதை!

நிப்பைப் பார்த்தீர்களா? வர்ட் பெயர் அதிலும் இருக்க வேண்டும். உடம்பு ஒரு கம்பெனி, நிப்பு ஒரு கம்பெனி என்று ஒட்டுப்போட்டு வருவதுதான் அதிகம். மூடியின் விளிம்பை லென்ஸில் பாருங்கள். மரை இல்லாத மூடி, அழுத்திச் செருகிச் செருகி மயிரிழை விரிசல் விட்டிருக்கும்.

பழையநிப்பு:
சந்தடி சாக்கில் ஒன்று. ‘வாட்டர்மேன்’ என்று பார்த்ததும் பாய்பவர்கள் முன்னால் இருக்கும் எழுத்தையும் படியுங்கள். ஏ. ஏ. வாட்டர்மேன் வேறு ஆள். எல். இ. வாட்டர்மேன் கம்பெனிக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லை என்று அவர் பேனாவிலேயே பொறித்திருக்கும், கோர்ட் வரை போன விவகாரம். அதையும் யாராவது சேர்க்கலாம், சுவாரசியமான சரக்கு.

மைக்கறை:
நிப்பில் வர்ட் பெயர் இருக்கிறது! மூடியிலும் விரிசல் இல்லை. பாலிஷ் யோசனையைக் கைவிட்டேன். ஆனால் நிப்பு உட்கார்ந்திருக்கும் கழுத்து, பேரலிலிருந்து கழற்றப் பார்த்தால் திரும்ப மாட்டேன் என்கிறது. உள்ளே மை காய்ந்து பிடித்திருக்கிறது போல. இடுக்கி போடலாமா, தாத்தா?

எபோனைட்தாத்தா:
இடுக்கியா! ஹேர் டிரையரை எட்ட வைத்து, பேனாவைச் சுற்றிக்கொண்டே இருங்கள். கன்னத்தில் வைத்தால் பொறுக்கும் சூடு போதும், அதிகமானால் எபோனைட் இளகி வளைந்துவிடும். ரப்பர் துண்டு சுற்றிக் கையால் மெதுவாகத் திருகுங்கள். அசையவில்லையா, ஆறவிட்டு மறுபடி. அவசரப்பட்டால் கழுத்து உடையும்.

கழன்றதும் உள்ளே ஃபில்லரால் ஆறிய தண்ணீர் விட்டுக் கழுவலாம், மேல்பக்கம் நனையக் கூடாது. மரையில் துளி சிலிக்கான் கிரீஸ். பேரலுக்குள் நேராக ஊற்றுவது சாதாரண பேனா மைதான், இந்தியன் இங்க் ஊற்றவே கூடாது, அதில் இருக்கும் அரக்கு இறுகிவிடும். ஊற்றினால் முக்கால்வாசிக்கு மேல் ஊற்றுங்கள். மை குறைந்தால் கைச்சூட்டில் உள்காற்று விரிந்து சொட்டைத் தள்ளும். எழுதிப் பார்த்துவிட்டு நிப்பின் முத்திரையைப் படம் எடுத்துப் போடுங்கள்.