மாஸ்டடானில் சர்வர் மாறினால் ஃபாலோயர்கள் கூட வருவார்களா?

கேள்வி: பல தனித்தனி சர்வர்கள்ல ஓடுற சமூக வலைத்தளமான மாஸ்டடான்ல நான் வேற சர்வருக்கு மாறணும். ஃபாலோயர்கள் கூட வருவாங்களா? புதுக் கணக்கும் என்னோடதுதான்னு மத்தவங்க எப்படி நம்புவாங்க?

பதில் 1: முதல்ல புதுக் கணக்குல பழைய முகவரியை மாற்றுப்பெயரா சேருங்க. அப்புறம்தான் பழையதுலேர்ந்து நகர்த்தணும். வரிசை மாறினா நடக்காது. ஃபாலோயர்கள் வருவாங்க, பதிவுகள் வராது. அடுத்த 30 நாள் மறுபடி நகர்த்த முடியாது. பழைய சர்வரை மூடிட்டா இந்த வழியே இல்லை, தள்ளிப்போடாதீங்க.

பதில் 2: நம்பிக்கைக்கு, உங்க இணையதளத்துல புது புரொஃபைலுக்கு 'ரெல்=மீ' (rel=me, 'இது என்னோட பக்கம்'னு சொல்ற HTML குறிப்பு) போட்ட லிங்க் வைங்க. பிறகு புரொஃபைல்ல தள முகவரியைச் சேமிங்க, பச்சை டிக் வரும். முன்னாடியே சேமிச்சிருந்தா இன்னொரு தடவை சேமிக்கணும். தளம் உங்க கையில இருக்குன்னு மட்டும்தான் அந்த டிக் சொல்லும். ஆள் யாருன்னு சொல்லாது.

பதில் 3: ஒப்பிட்டுப் பார்த்தா, நாஸ்டர்ங்கிற இன்னொரு சமூக வலைப்பின்னல்ல சர்வர் கணக்கு இல்ல, சாவியேதான் (நீளமான ரகசியக் குறியீடும் அதோட பொது ஜோடியும்) அடையாளம். ரகசியச் சாவி தொலைஞ்சா மீட்க வழியில்லை.