ஸ்னேருக்கு எந்த மைக்? ஹை-ஹாட்தான் முன்னால் வந்து நிற்கிறது

ஒற்றைக்குச்சி எழுதியது:

வணக்கம். டிரம்ஸ் பதிவு செய்கிறேன். என்னிடம் இருப்பது நான்கு மைக் மட்டுமே போடக்கூடிய இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி). கிக்குக்கு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒன்று, ஸ்னேருக்கு (அடியில் கம்பிகள் கட்டிய சின்ன டிரம்) ஒன்று, மொத்த செட்டையும் பிடிக்க மேலே ஓவர்ஹெட் இரண்டு, அதோடு சரி. ஸ்னேரில் எல்லாரும் போடுகிற ஷூர் எஸ்.எம்.57 தான் போட்டிருக்கிறேன். சத்தம் அட்டைப்பெட்டியைத் தட்டின மாதிரி இருக்கிறது. சரி, கொஞ்சம் பளிச்சென்று கேட்கட்டும் என்று ஈக்யூவில் (சுருதிவாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது) 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஏற்றினால் ஸ்னேர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, பக்கத்தில் இருக்கும் ஜோடித் தாளமான ஹை-ஹாட் மட்டும் எழுந்து வந்து காதைக் குத்துகிறது. மெல்லிய சத்தத்தை அடைத்துவிடும் கேட் போட்டுப் பார்த்தேன். வாசிப்பவர் மெதுவாகத் தட்டும் கோஸ்ட் நோட்டுகள் எல்லாம் காணாமல் போகின்றன, அவர் வாசிப்பின் அழகே அதில்தான் இருக்கிறது.

மைக்கை மாற்றலாம் என்று யோசனை. ஷூர் பீட்டா 57ஏ, ஏகேஜி சி451 மாதிரி ஒரு சின்ன கண்டென்சர் (மெல்லிய சத்தத்தையும் நுணுக்கமாகப் பிடிக்கும் வகை), இல்லையென்றால் ரிம்மில் கவ்விக்கொள்ளும் சென்ஹைசர் இ604. ஒன்றுதான் வாங்க முடியும். நீங்களாக இருந்தால் எதை வாங்குவீர்கள்?

பழையதோல் எழுதியது:

இப்போதைக்கு எதையும் வாங்க மாட்டேன். 57 வந்தது 1965-இல், இத்தனை வருடமாக அது ஸ்னேர் மேல் உட்கார்ந்திருப்பது வெறும் பழக்கத்தால் மட்டும் இல்லை. 40 ஹெர்ட்ஸிலிருந்து 15 கிலோஹெர்ட்ஸ் வரை பிடிக்கும், 5, 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு இருக்கும். குச்சி தோலில் படுகிற அந்த ‘டக்’ ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அசையாது, குச்சி பட்டாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

அட்டைப்பெட்டி சத்தம் என்றால் என் அனுபவத்தில் முதல் சந்தேகம் தோல் மேல்தான். மேல் தோலை மாற்றி எவ்வளவு நாள் ஆகிறது? நடுவில் குழி விழுந்திருந்தால் எந்த மைக்கும் காப்பாற்றாது. ரீங்காரம் போல ஓசை வருகிறது என்று டேப்பை ஒட்டோ ஒட்டு என்று ஒட்டியிருந்தால் அதையும் பிய்த்துப் போட்டுவிட்டுக் கேளுங்கள். அப்புறம், மைக்கைத் தோலுக்கு மிக அருகில் வைத்தால் கீழ்ச்சுருதி தடித்துப்போகும், தோலில் ஒரே ஒரு புள்ளிதான் கேட்கும், ஷெல்லின் (டிரம்மின் உடம்பு) சத்தமும் கீழே இருக்கும் கம்பிகளின் சத்தமும் வந்து சேராது. எவ்வளவு தூரத்தில் வைத்திருக்கிறீர்கள்? ஹை-ஹாட் மைக்குக்கு எந்தப் பக்கம் இருக்கிறது? இந்த இரண்டையும் சொல்லாமல் எந்த மைக் என்று கேட்டால் பதிலே இல்லை.

மெல்லிசைவு எழுதியது:

நான் பழையதோல் சொல்வதோடு பாதிதான் ஒத்துப்போவேன். கோஸ்ட் நோட்டுதான் உயிர் என்று சொல்கிறவருக்கு கண்டென்சர் கேட்க ஆசை வருவது நியாயம். மெதுவாகத் தட்டும்போது கம்பிகள் சிலிர்க்கிற அந்தச் சத்தம் 57-இல் கொஞ்சம் மங்கித்தான் வரும், சி451-இலோ ஷூர் எஸ்.எம்.81-இலோ துல்லியமாக வரும். பிரஷ் வைத்து வாசித்தால் நான் யோசிக்கவே மாட்டேன், கண்டென்சர்தான்.

ஆனால் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு வாங்குங்கள். சி451 கொடுக்கும் சிக்னல் 57-ஐவிட ஏறக்குறைய 15 டெசிபல் அதிகம். ஸ்னேருக்குப் பக்கத்தில் வைத்தால் ப்ரீஆம்பில் (மைக் சிக்னலைப் பெருக்கும் பகுதி) கெயினை முழுதாகக் குறைத்த பிறகும் சிவப்பு விளக்கு எரியலாம், அதனால் மைக்கிலேயே சிக்னலைக் குறைக்கும் பேடு சுவிட்ச் இருக்க வேண்டும். சி451-இல் 10, 20 டெசிபல் என்று இரண்டு நிலை உண்டு. நான் முதலில் வாங்கிய கண்டென்சரில் பேடு கிடையாது, எது என்று சொல்ல மாட்டேன், பாதிப் பாட்டு அளவு மீறிக் கிளிப் ஆகிப்போய் மறுபடி எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். இரண்டாவது, அது ஸ்னேரைத் துல்லியமாகக் கேட்கிற அளவுக்கு ஹை-ஹாட்டையும் துல்லியமாகக் கேட்கும். உங்கள் குறையே ஹை-ஹாட் என்பதால் வாங்கு என்று நானும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

இ604 மேடைக்கு நல்லது. ஸ்டாண்டு வேண்டாம், சின்னது. ஆனால் கவ்விய இடத்தைவிட்டு அதிகம் நகர்த்த முடியாது, உங்களுக்கு நகர்த்துவதுதான் முக்கியம்.

முதுகுப்பக்கம் எழுதியது:

மைக்கின் முன்பக்கத்தைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். ஹை-ஹாட் தொல்லை என்றால் மைக்குக்கு எந்தத் திசையில் காது கேட்காது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

57 கார்டியாயிட், அதாவது முன்பக்கத்தை நன்றாகக் கேட்கும் வகை. அது செவிடாக இருப்பது நேர் பின்னால், 180 டிகிரியில். பக்கவாட்டில் வருவதை 6 டெசிபல்தான் குறைக்கும். அதாவது ஹை-ஹாட் மைக்கின் வாலுக்கு நேராக இருந்தால் நல்லது, பக்கத்தில் இருந்தால் உள்ளே வரத்தான் செய்யும். பீட்டா 57ஏ சூப்பர்கார்டியாயிட், இன்னும் குறுகலாகக் கேட்கும் வகை. இதன் செவிட்டுப் புள்ளி ஏறக்குறைய 126 டிகிரியில், பின்பக்கம் இரண்டு மூலையிலும். நேர் பின்னால் அது கொஞ்சம் கேட்கும்! ஆகவே 57-ஐச் சரியாக வால் ஹை-ஹாட்டைப் பார்க்கும்படி வைத்திருந்தவர் அதே இடத்தில் பீட்டாவைச் சொருகினால் ஹை-ஹாட் கூடிவிடும், அப்புறம் மைக் மோசம் என்று வந்து எழுதுவார். இப்படி நிறையப் பேரைப் பார்த்தாயிற்று.

ஹை-ஹாட் பக்கவாட்டில்தான் இருக்க முடியும், டாம் (பக்கத்து டிரம்) இடிக்கிறது, ஸ்டாண்டு போக வழியில்லை என்றால் உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன், பேயர்டைனமிக் எம்201. 57 மாதிரி டைனமிக்தான், உடம்பு ஒல்லி, ஹைப்பர்கார்டியாயிட். 110 டிகிரி பக்கம் செவிடு, பக்கவாட்டிலேயே 12 டெசிபல் குறைக்கும். 57-ஐவிட மேல்சுருதி திறந்து கேட்கும், கண்டென்சர் ஆசையும் ஓரளவு தீரும். (இந்த எண்களெல்லாம் கோட்பாட்டுக் கணக்கு. மேல்சுருதியில் எந்த மைக்கும் இவ்வளவு ஒழுங்காக இருக்காது.)

கோணத்தை மனதில் கணக்குப் போட வேண்டாம். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, வாசிப்பவரை ஹை-ஹாட் மட்டும் வாசிக்கச் சொல்லிவிட்டு, மைக்கைக் கையில் பிடித்து ஸ்னேருக்கு மேல் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஓரிடத்தில் சட்டென்று மங்கும். அங்கே ஸ்டாண்டை முடுக்கிவிடுங்கள்.

ஒற்றைக்குச்சி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பழையதோல், தோல் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, குழியும் இருக்கிறது, வெட்கமாகத்தான் இருக்கிறது. மைக் 2 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. ஹை-ஹாட் கிட்டத்தட்ட 90 டிகிரி.

முதுகுப்பக்கம் சொன்னபடி ஹெட்போன் போட்டுத் திருப்பினேன். ஹை-ஹாட்டை ஒரு கையளவு உயர்த்தி, மைக்கின் வாலை அதன் பக்கம் கொண்டுபோய், தோலிலிருந்து 6 சென்டிமீட்டர் மேலே ஏற்றினேன். தொல்லை பாதிக்குமேல் போயிற்று. அட்டைப்பெட்டிச் சத்தமும் குறைந்தது, ஆனால் ஓவர்ஹெட்டைச் சேர்த்தால் ஸ்னேர் மறுபடி மெலிந்துவிடுகிறது. தனியாகக் கேட்டால் நன்றாக இருக்கிறது, சேர்ந்தால் இல்லை. இது ஏன்? ஸ்னேருக்குக் கீழே ஒரு மைக் வைத்தால் சரியாகுமா?

பழையதோல் எழுதியது:

மெலிகிறது என்றால் ஸ்னேர் மைக்கின் சத்தமும் ஓவர்ஹெட்டின் சத்தமும் ஒன்றையொன்று தின்கிறது. ஓவர்ஹெட் ஸ்னேரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருந்தால் சத்தம் அங்கே ஏறக்குறைய 3 மில்லி செகண்டு பிந்தித்தான் போய்ச் சேரும். முதல் வேலை, ஒரு கயிற்றின் நுனியை ஸ்னேரின் நடுவில் பிடித்துக்கொண்டு இரண்டு ஓவர்ஹெட்டும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று அளந்து சரிசெய்யுங்கள். ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸ் பெயரில் சொல்லப்படும் முறையிலும் இந்த அளவுதான் ஆதாரம். அடுத்து ஸ்னேர் சேனலில் போலாரிட்டியை (சிக்னல் மேலே போகிறதா கீழே போகிறதா என்ற திசை) திருப்பிக் கேளுங்கள், எந்த நிலையில் ஸ்னேரின் அடி தடிமனாக இருக்கிறதோ அப்படியே விட்டுவிடுங்கள். ஸ்னேர் சத்தத்தில் பெரும்பங்கு ஓவர்ஹெட்டில்தான் இருக்கிறது, கிட்ட வைக்கிற மைக் அதற்கு முதுகெலும்பு கொடுத்தால் போதும்.

கீழ் மைக் கம்பிச் சத்தத்துக்கு நல்லது. ஆனால் நான்கு வழியும் நிரம்பியிருக்கிறது, ஓவர்ஹெட்டில் ஒன்றை விட்டால்தான் முடியும். வைத்தால் அதன் போலாரிட்டியைத் திருப்ப வேண்டும். குச்சி அடிக்கும்போது மேல் தோல் மேல் மைக்கைவிட்டு விலகுகிறது, கீழ்த் தோல் கீழ் மைக்கை நோக்கி வருகிறது.

மெல்லிசைவு எழுதியது:

ஓவர்ஹெட்டில் ஒன்றை விடுவதில் எனக்குச் சம்மதமில்லை. தோலை மாற்றிவிட்டுக் கேளுங்கள், கம்பி தானாக வரும்.

ஒற்றைக்குச்சி எழுதியது:

தோல் வாங்கியாகிவிட்டது. பழக்கமான ஒருவரிடம் எம்201 இருக்கிறதாம், ஒரு நாளைக்குத் தருகிறேன் என்றார். கிக் மைக்கைக் கழற்றிவிட்டு 57-ஐயும் அதையும் சேர்த்து ஸ்னேரில் வைத்து ஒரே வாசிப்பைப் பதிவு செய்யப் போகிறேன்.

முதுகுப்பக்கம் எழுதியது:

நல்ல யோசனை. இரண்டின் மூக்கும் ஒட்டினாற்போல் ஒரே உயரத்தில் இருக்கட்டும். கேட்கும்போது முதலில் இரண்டின் ஸ்னேர் அளவையும் சமமாக்கிக்கொள்ளுங்கள், சத்தம் கூடுதலாக இருப்பதுதான் நல்ல மைக் என்று காது ஏமாற்றும். அளவு சமமான பிறகு ஸ்னேரைக் கேட்காதீர்கள், அடிகளுக்கு நடுவில் எதில் ஹை-ஹாட் குறைவு என்று மட்டும் கேளுங்கள். இரண்டையும் பதிவேற்றினால் நானும் கேட்கிறேன், எது எந்த மைக் என்று முதலில் சொல்லாமல் போடுங்கள்.