திறமை இருந்தும் பாதியில் நின்ற ரேஸர்கள்: விதியா, டிராக்கா, காசா?

சோழவரம்_ரன்வே:
நேற்று வேறொரு திரியில் ஒருவர் எழுதியிருந்தார்: "பியாங்கி, சிமோன்செல்லி, நம்ம அஷ்வின் சுந்தர்... எல்லாம் விதிப்பா, அவ்ளோதான்." அந்த விதி என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. காரணம் தெரியாத இடத்தில் விதி என்று சொல்லலாம். இங்கே காரணம் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

ஃபார்முலா 1 (எஃப்1) கார் ஓட்டுநர் ஜூல்ஸ் பியாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 அக்டோபர் 5, ஜப்பானின் சுசூகா டிராக், மழை. டன்லப் வளைவில் ஏட்ரியன் சுட்டிலின் சாபர் கார் தடுப்பில் போய் நின்றது. அதைத் தூக்க டிராக்டர் கிரேன் உள்ளே வந்தது. அடுத்த சுற்றில் அதே வளைவு, அதே தண்ணீர், பியாங்கியின் மருஷியா காரும் சறுக்கியது. கார் ரேஸ் உலக அமைப்பான எஃப்ஐஏவின் விசாரணைக் குழு கணக்குப்படி பிடி நழுவும்போது 213 கி.மீ. வேகம், கிரேனில் இடிக்கும்போது 126. 700 கிலோ கார், 6.5 டன் கிரேன். டயர் சுவராக இருந்தால் அமுங்கி வேகத்தை வாங்கிக்கொள்ளும். கிரேன் அமுங்காது. அதன் பின்பக்கம் தரையிலிருந்து உயரமாக இருப்பதால் காரின் மூக்கு அடியில் நுழைந்துவிட, அடி நேராகத் தலைக்குப் போனது. 2015 ஜூலையில் இறந்தார், வயது 25. கார் மோதும் திசையில் வண்டியை இறக்கினது மனுஷன். விதி இல்லை.

---

ராயபுரம்_ஆர்பிஎம்:
அண்ணே, நீங்க சொல்றது கரெக்ட்டு. ஆனா செத்தவங்க பேரு நமக்கு ஞாபகம் இருக்கு. உயிரோட இருந்தும் ஸ்டார்ட்டிங் கிரிட் (ரேஸ் கிளம்பற வரிசை) பக்கமே போகாதவங்க பேரு யாருக்கும் தெரியல. அந்தக் கணக்கு பல மடங்கு பெருசு.

ராபின் ஃப்ரைன்ஸ் தெரியுமா? 2010-ல ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஐரோப்பா சாம்பியன், 2011-ல ஃபார்முலா ரெனோ யூரோகப் சாம்பியன், 2012-ல ஃபார்முலா ரெனோ 3.5 சாம்பியன். எல்லாம் எஃப்1-க்குக் கீழ இருக்கற படி. அந்தக் கடைசி சாம்பியன்ஷிப்புல அவர் தோக்கடிச்சது யாரை? நீங்க சொன்ன அதே பியாங்கியை. பியாங்கி பின்னாடி ஃபெராரி டீமோட இளம் ஓட்டுநர் அகாடமி இருந்துச்சு, அடுத்த வருஷம் எஃப்1 சீட்டு வந்துச்சு. ஃப்ரைன்ஸுக்குக் கடைசி வரைக்கும் ஒரு எஃப்1 ரேஸ் கூடக் கெடைக்கல. ஸ்பான்சர் இல்ல, அதான் காரணம். அப்புறம் ஃபார்முலா இ, லெ மான்ஸ்னு பொழைச்சுக்கிட்டார், சந்தோஷம்.

எஃப்1 ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸுக்கு 3 வருஷத்துல 40 பாயின்ட் வேணும். கீழ்ப்படியான எஃப்4-ல சாம்பியன் ஆனா 12 தான். எஃப்1-க்கு நேர் கீழ இருக்கற எஃப்2-ல முதல் மூணு இடத்துல வந்தா 40. அந்த எஃப்2-க்கு ஒரு சீசனுக்கு ஏறக்குறைய 30 லட்சம் யூரோனு சொல்றாங்க. நம்ம ஊர் காசுல 25 கோடிக்கு மேல. வியாசர்பாடியில ஒரு பந்து இருந்தா 22 பசங்க புட்பால் ஆடலாம். இங்க ஒரு பையன் ஆடறதுக்கே ஒரு கம்பெனி வேணும்.

---

பெரம்பூர்_பிட்லேன்:
நான் இரண்டு பேரோடும் கொஞ்சம் மாறுபடுகிறேன். டிராக்கையும் காசையும் சொல்லிவிட்டு, ஓட்டுபவர் எடுத்த முடிவை அப்படியே விட்டுவிட்டீர்கள்.

சோழவரம் அண்ணா பாதி அறிக்கையைத்தான் சொன்னார். அந்த இடத்தில் இரட்டை மஞ்சள் கொடி ஆடிக்கொண்டிருந்தது. வேகத்தைக் குறை, தேவைப்பட்டால் நிற்கத் தயாராக இரு என்பதுதான் அதற்கு அர்த்தம். பியாங்கி போதுமான அளவு குறைக்கவில்லை என்று அதே குழு எழுதியிருக்கிறது.

அமெரிக்க கார் ரேஸ் தொடரில் ஓட்டிய கிரெக் மூரையும் பாருங்கள். 1999 அக்டோபர் 31, கலிஃபோர்னியாவில் ஃபோன்டானா. 24 வயது, அடுத்த ஆண்டு பென்ஸ்கி அணிக்குக் கையெழுத்து போட்டாயிற்று. முந்தின நாள் பேடக்கில் (டிராக்கில் அணிகள் தங்கும் இடம்) ஸ்கூட்டரில் போகும்போது கார் இடித்து வலது கையில் எலும்பு முறிவு. கையில் பட்டை கட்டிக்கொண்டு கடைசி வரிசையிலிருந்து கிளம்பினார். பத்து சுற்று முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "நாளைக்கு ஓட்ட வேண்டாம்" என்று ஒருவர் உறுதியாகச் சொல்லியிருந்தால்?

எஃப்1 ஓட்டுநர் ராபர்ட் குபிட்சா 2011 பிப்ரவரியில், சீசன் தொடங்கச் சில வாரங்களே இருந்த நேரத்தில், இத்தாலியில் ஒரு சின்ன ராலிக்குப் போனார். சாலையோரத் தடுப்புக் கம்பி ஸ்கோடா ஃபாபியாவுக்குள் புகுந்து வலது கையைச் சிதைத்தது. 2012-க்கு ஃபெராரியோடு ஒப்பந்தம் போட்டிருந்ததைப் பிறகு அவரே சொன்னார். யாரும் தள்ளிவிடவில்லை, அவரே தேர்ந்தெடுத்த ராலி அது.

---

சோழவரம்_ரன்வே:
தங்கச்சி, மூர் விஷயத்தில் நீங்கள் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. இரண்டாம் வளைவு முடியும் இடத்தில் உள்பக்கம் புல்தரை. அதே ரேஸில் சில சுற்றுக்கு முன் ரிச்சி ஹெர்னும் அங்கேதான் சுழன்று போனார், பிழைத்தார். மூரின் கார் புல்லில் பக்கவாட்டாகப் போய்ப் புரண்டு கான்கிரீட் சுவரில் அடித்தது. தார்த்தரையில் பக்கவாட்டாகச் சறுக்கும் காருக்கு நாலு டயரும் உராய்ந்து வேகம் குறையும். புல்லில் உராய்வு ரொம்பக் குறைவு. சின்ன மேடோ ஓரமோ தட்டினால் கார் தூக்கிக்கொள்ளும். கையில் பட்டை இருந்ததால் பிடி நழுவியது என்றே வைத்துக்கொள்வோம். பிடி நழுவினவன் சாக வேண்டும் என்று இல்லையே? அதற்கப்புறம்தான் அந்தப் புல்லை எடுத்துவிட்டுத் தார் போட்டார்கள். பென்ஸ்கியில் அவருக்கு வைத்திருந்த சீட் எலியோ காஸ்ட்ரோநெவெஸுக்குப் போனது. அவர் அமெரிக்காவின் பெரிய ரேஸான இண்டி 500-ஐ நாலு முறை ஜெயித்தார். அந்தக் கார் மூரிடம் இருந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் மனசு கேட்கமாட்டேன் என்கிறது.

கொடி விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "வேகத்தைக் குறை" என்றால் எவ்வளவு? நீ குறைத்து, பின்னாடி வருபவன் குறைக்காவிட்டால் இடம் போய்விடும். எல்லா ஓட்டுநரும் அதே அரைகுறைக் குறைப்பைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அதனால்தான் 2015-ல் விர்ச்சுவல் சேஃப்டி கார் வந்தது. எல்லாரும் கொடுத்த நேரத்துக்கு மேல் மெதுவாகப் போயே ஆக வேண்டும், ஸ்டியரிங்கிலேயே வித்தியாசம் தெரியும். ஒருத்தனுடைய மனசாட்சியை நம்பியிருந்த வேலையை எண்ணாக மாற்றினார்கள். அப்படியும் 2022-ல் அதே சுசூகாவில், அதே மழையில், எஃப்1 ஓட்டுநர் கேஸ்லி போகும் பாதையில் மறுபடி ஒரு டிராக்டர் நின்றது. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

---

கொருக்குப்பேட்டை_கியர்:
எல்லாரும் கார் பத்தியே பேசறீங்க. நம்ம பக்கத்துப் பசங்க ஆசைப்படறது பைக்கு. அதுல கணக்கே வேற.

மோட்டோஜிபி பைக் ரேஸர் மார்கோ சிமோன்செல்லி, 2011 அக்டோபர் 23, மலேசியாவுல செபாங். அதுக்கு முந்தின வாரம்தான் ஆஸ்திரேலியாவுல ரெண்டாவது வந்தாரு, வயசு 24. ரெண்டாவது லேப், 11-வது வளைவு, முன் டயர் பிடி விட்டுச்சு. சாதாரணமா முன் டயர் போனா வண்டியும் ஆளும் வளைவுக்கு வெளியில சறுக்கி சரளைக்கல்லுல போய் நிப்பாங்க. மத்தவங்க லைனுக்குக் குறுக்க வரமாட்டாங்க. இவரு ஹேண்டிலை விடாம தொங்கினாரு. டயர் திரும்பப் பிடிச்சுக்கிச்சு. வண்டி உள்பக்கமா வளைஞ்சு நேரா ரேஸிங் லைனைக் குறுக்க வெட்டிச்சு. பின்னாடி வந்த எட்வர்ட்ஸ், ராசி ரெண்டு பேரும் தவிர்க்க முடியாம இடிச்சாங்க. ஹெல்மெட்டும் தலையை விட்டுப் போயிடுச்சு, உயிரும் போயிடுச்சு.

இதுக்கு எஃப்1 கார்ல தலைக்கு மேல இருக்கற ஹேலோ வளையமும் இல்ல, சரளைக்கல்லும் உதவாது. சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. 140 கி.மீ. வேகம்னா நொடிக்கு 39 மீட்டர். முன்னாடி போறவன் 0.4 நொடி தூரத்துல இருந்தா இடைவெளி 15 மீட்டர் சொச்சம். கண்ணு பாத்து கை பிரேக் போடவே 0.3 நொடி, அதுல 12 மீட்டர் காலி. மிச்சம் நாலு மீட்டருக்குள்ள எவனும் விலக முடியாது. பசங்க ஓட்டற சின்ன சிசி ரேஸ்ல எல்லா வண்டியும் ஒரே பவர், ஒருத்தன் காத்து மறைவுல இன்னொருத்தன்... அந்தக் கூட்டத்துக்கு நடுவுல விழுந்தா இதான் நடக்கும். 2021-ல மட்டும் முஜெல்லோவுல டூபாஸ்கியே 19 வயசு, அரகோன்ல ஹூகோ மில்யான் 14, ஹெரெஸ்ல டீன் பெர்ட்டா வின்யாலெஸ் 15. மூணு பேருமே விழுந்த அப்புறம் பின்னாடி வந்த வண்டி பட்டுத்தான் போனாங்க. அதுக்கு அப்புறம்தான் குறைஞ்சபட்ச வயசை ஏத்தினாங்க. நம்ம இருங்காட்டுக்கோட்டை டிராக்குல 2023 ஆகஸ்டுல 13 வயசுப் பையன் ஒருத்தன் போனான்.

என் பேச்சு இதான்: கிரிட்டுல ஆளைக் குறை, வயசை ஏத்து. காசு பேச்சு அப்புறம்.

---

ராயபுரம்_ஆர்பிஎம்:
வயசை ஏத்தினா யாருக்கு அடி? ஸ்பெயின்ல பையன் 6 வயசுல மினிபைக் ஓட்டறான். 18 ஆகும்போது 12 வருஷம் கையில இருக்கு. தண்டையார்பேட்டைப் பையன் 18-ல லைசென்ஸ் எடுத்து அன்னைக்குத்தான் தொடங்குவான். அதுவும் எங்க? எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல ராத்திரி 2 மணிக்கு, கன்டெய்னர் லாரிக்கு நடுவுல. அங்க போற உயிரை எந்தக் கணக்குலயும் "ரேஸர்"னு எழுதமாட்டாங்க.

முன்னாடியாவது செங்குன்றம் தாண்டினா சோழவரம் டிராக் இருந்துச்சு. இப்ப டிராக்குனா இருங்காட்டுக்கோட்டைதான், ஊரைக் குறுக்க வெட்டிப் போகணும். பைக்கை டெம்போவுல ஏத்தணும்.

கருண் சந்தோக்கையும் விடாதீங்க, நம்ம சென்னைக்காரர். குடும்பமே ரேஸ் குடும்பம். 2007-ல பெல்ஜியம் ஸ்பா டிராக்குல, எஃப்1-க்கு நேர் கீழ இருந்த ஜிபி2 ரேஸ் ஜெயிச்சவர். அப்படிப்பட்டவருக்கே 2010-ல எச்ஆர்டிங்கற எஃப்1 டீமோட கார் பஹ்ரைன்ல தகுதிச் சுற்று அன்னைக்குத்தான் முதல்முதலா கிளம்பிச்சு. டெஸ்ட்டிங் ஒரு கிலோமீட்டர் கூட இல்ல. 10 ரேஸ் முடிஞ்சதும் சீட்டை யமமோட்டோவுக்குக் கொடுத்துட்டாங்க. அடுத்த வருஷம் லோட்டஸ்ல ஒரே ஒரு ரேஸ். மொத்தம் 11. இதுல எந்தக் கிரேன் குறுக்க வந்துச்சு?

---

பெரம்பூர்_பிட்லேன்:
ஆர்பிஎம் தம்பி சொல்வது வலிக்கிறது, மறுக்க முடியவில்லை. இருந்தாலும் சந்தோக் இன்றைக்கும் இருக்கிறார், எஃப்1 பற்றி நன்றாகப் பேசுகிறார். இழந்தது சீட். எஃப்2 ஓட்டுநர் ஆந்த்வான் ஹூபேர் இழந்தது அப்படியா? உயிரையே இழந்தார். 2018 ஜிபி3 சாம்பியன், 22 வயது. 2019-ல் ஸ்பாவில் ரெய்டியோன் வளைவுக்கு மேலே தடுப்பில் 216 கி.மீ. வேகத்தில் இடித்தார், அது 33.7 ஜி (புவியீர்ப்பைப் போல அத்தனை மடங்கு விசை). தடுப்பு அவரை மறுபடி வழிக்குத் தள்ளியது. கொரெயாவின் கார் 218-ல் பக்கவாட்டில் வந்து இடித்தபோது 81.8 ஜி. தடுப்பு இன்னும் தள்ளி இருந்திருந்தால் கார் திரும்பி வந்திருக்காது. 2022-ல் அங்கே இடத்தை அகலப்படுத்தினார்கள். இந்த ஒன்றில் நான் சோழவரம் அண்ணா பக்கம் வந்துவிடுகிறேன். குபிட்சாவில் மட்டும் இல்லை.

---

சோழவரம்_ரன்வே:
குபிட்சாவை உங்களுக்கே விட்டுக்கொடுக்கிறேன்.

அஷ்வின் சுந்தரைப் பற்றி ஒரு வார்த்தை. 2012, 2013 இரண்டு வருடமும் எல்ஜிபி எஃப்4 தேசிய சாம்பியன். அவர் உயிர் போனது டிராக்கில் இல்லை. 2017 மார்ச் 18, சாந்தோம் சாலையில் கார் மரத்தில் மோதித் தீப்பிடித்தது. அவரும் மனைவியும் வெளியே வர முடியவில்லை. எஃப்1 காரில் ஓட்டுநர் 7 நொடிக்குள் இறங்கிக் காட்டினால்தான் ரேஸுக்கு அனுமதி. எரிபொருள் ரப்பர் பையில், தீ அணைப்பான் காருக்குள்ளேயே. பஹ்ரைன் ரேஸில் எஃப்1 ஓட்டுநர் குரோஜான் ஏறக்குறைய 28 நொடி நெருப்புக்குள் இருந்துவிட்டு நடந்து வந்தார். சாலைக் காரில் இதில் எதுவும் கிடையாது. அவரை "விதி" பட்டியலில் சேர்த்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

---

கொருக்குப்பேட்டை_கியர்:
இந்தத் திரியைப் படிச்சுட்டு டிராக் பக்கம் போற பசங்களுக்கு மட்டும் ரெண்டு விஷயம். ஹெல்மெட் பட்டி இரட்டை டி-ரிங்கா (ரெண்டு வளையத்துல நுழைச்சு இறுக்கறது) இருக்கணும். க்ளிக் பூட்டு வேணாம், பல்லு தேஞ்சா வெளியில தெரியாது. பட்டியைப் போட்டு, பின்னாடி ஓரத்துல விரலை விட்டு ஹெல்மெட்டை மேல தூக்கி முன்னாடி உருட்டிப் பாருங்க. கழண்டு வந்தா அந்த சைஸ் உங்களுக்கு இல்ல. ஒரு தடவை தலை அடி வாங்கின ஹெல்மெட்டை, வெளியில கீறலே இல்லன்னாலும் தூக்கிப் போடுங்க. உள்ள தெர்மாகோல் ஒரு தடவைதான் நசுங்கும்.

ரெண்டாவது, ஆயில் டிரெயின் போல்ட்டுல 1 மி.மீ. ஓட்டை போட்டு, ஸ்டீல் கம்பியை முறுக்கிக் கட்டுங்க. போல்ட் இறுகற பக்கமா இழுத்துக் கட்டணும், எதிர்ப்பக்கம் கட்டினா அந்தக் கம்பி சும்மா. ரேடியேட்டர்ல கூலன்ட் வேணாம், வெறும் தண்ணி. அது கொட்டினா வழுக்காது, காஞ்சிடும். உங்க வண்டி ஆயிலுல வழுக்கி விழப்போறது நீங்க இல்ல, உங்களுக்குப் பின்னாடி 15 மீட்டர்ல வர்றவன்.

---

ராயபுரம்_ஆர்பிஎம்:
அண்ணே, அந்த ஹெல்மெட்ல ஐஎஸ்ஐ முத்திரை போதுமா, இல்ல ஐரோப்பாவோட ஈசிஇ முத்திரை வேணுமா? டிராக்குல செக் பண்ணும்போது எதைப் பாக்கறாங்க?

---

கொருக்குப்பேட்டை_கியர்:
ரோட்டுக்கு ஐஎஸ்ஐ சட்டம். ரேஸுக்கு அந்தந்த ரேஸோட விதிப்புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அதான். உலக சாம்பியன்ஷிப்னா பைக் ரேஸ் உலக அமைப்பான எஃப்ஐஎம் தனி முத்திரையே கேக்கும். காசு கட்டறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தைப் படிச்சுட்டு அப்புறம் ஹெல்மெட் வாங்கு தம்பி.